பத்திரப்பதிவுக்கு ஆறு நாள் இருக்கும்போது மோட்டார் எரிந்தால் யார் செலவு?

வீடு விற்கும்போதும் வாங்கும்போதும் எல்லோரும் கவனமாகப் பார்ப்பது மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வரி ரசீது. எல்லாமே காகிதம். வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. போர் மோட்டார், ஏசி, கீசர், இன்வெர்ட்டர் எல்லாம் "வீட்டோட வருது சார்" என்ற ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். அட்வான்ஸ் கைமாறிய பிறகு, பத்திரம் பதிவதற்கு முன்னால், அவற்றில் ஏதாவது ஒன்று நின்றுபோனால்தான் அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்ற கேள்வியே எழும்.

எங்களுக்கு அந்தக் கேள்வி போன வருடம் வந்தது. மதுரைப் புறநகரில் அப்பா 1994-ல் கட்டிய வீடு. அப்பா காலமான பிறகு அம்மா சென்னைக்கு எங்களோடு வந்துவிட்டார். பூட்டியே கிடப்பதைவிட விற்றுவிடலாம் என்று அம்மா, அக்கா, நான் மூவரும் முடிவு செய்தோம். வாங்க வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். வங்கிக் கடனில் வாங்குகிறார், முதல் வீடு. புதன்கிழமை பதிவு, வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள் என்று எல்லாம் முடிவாகிவிட்டது. பதிவுக்கு முந்தைய வியாழக்கிழமை, வீட்டைக் கழுவிவிட டேங்க்கை நிரப்பலாம் என்று சுவிட்ச் போட்டால் போர் மோட்டார் உறுமியது, ஆனால் தண்ணீர் ஏறவில்லை.

யார் செலவு செய்வது? வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. "அவர் வந்து பார்த்தப்ப ஓடுச்சுல்ல? அக்ரிமெண்ட் போட்டாச்சு, இனி அவர் பாடு" என்றார் மாமா. "சாவி நம்ம கையில இருக்கிற வரைக்கும் நம்ம வீடுதானே?" என்றாள் அக்கா. இரண்டுமே நியாயமாகத்தான் பட்டது. ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்று இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் விவகாரத்தில் பெரிய தொகை சிக்கியிருந்தால் வக்கீலிடம் போங்கள். ஆனால் போவதற்கு முன் எந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதற்கு இந்தப் பதிவு உதவும்.

முதலில், மோட்டாருக்கு என்ன ஆனது?

பிரச்சினை எந்த அளவு என்று தெரியாமல் யார் பொறுப்பு என்று பேசுவதில் அர்த்தமில்லை. அதனால் இதிலிருந்து தொடங்குகிறேன்.

வீடுகளில் இருக்கும் ஒன்று, ஒன்றரை எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் பெரும்பாலும் சிங்கிள் பேஸ். சிங்கிள் பேஸ் மின்சாரத்தால் மட்டும் மோட்டார் தானாகச் சுற்றத் தொடங்காது. ஒரு தள்ளு வேண்டும். அந்தத் தள்ளைக் கொடுப்பது சுவரில் இருக்கும் பேனலுக்குள் உள்ள ஸ்டார்ட் கெப்பாசிட்டர். இன்னொரு கெப்பாசிட்டர் ஓடும்போது கூடவே இருக்கும். மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை, ஆம்மீட்டர் முள் உச்சத்துக்குப் போகிறது, சில விநாடியில் டிரிப் ஆகிறது என்றால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். கெப்பாசிட்டர் வலுவிழந்திருக்கலாம். பம்ப் மண்ணிலோ உப்புப் படிவிலோ இறுகியிருக்கலாம். காயில் போயிருக்கலாம்.

முதல் காரணம் என்றால் சில நூறு ரூபாயில் முடியும். மற்ற இரண்டு என்றால் மோட்டாரை வெளியே எடுக்க வேண்டும். எங்கள் மோட்டார் 180 அடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் வந்தார். அப்பா காலத்திலிருந்து அந்த மோட்டாரைப் பார்ப்பவர். பேனலில் வயரைக் கழற்றி மெகர் வைத்துப் பார்த்தார். காயிலுக்கும் எர்த்துக்கும் நடுவில் உள்ள இன்சுலேஷன் எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் கருவி அது. நல்ல மோட்டார் என்றால் பல மெக்ஓம் காட்டும். இது ஒன்றுக்கும் கீழே காட்டியது. காயில் முழுக்க எரியவில்லை, ஆனால் எரியும் வழியில் போய்க்கொண்டிருக்கிறது. பிறகு அவர் சொன்னதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

"தம்பி, பெரிய கெப்பாசிட்டரா ஒண்ணு போட்டுவிட்டா கிளம்பிரும். பத்து நாளும் ஓடலாம், ஒரு மாசமும் ஓடலாம். அதுக்குள்ள நீங்க பத்திரத்தை முடிச்சிருவீங்க."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் பணத்தை மிச்சப்படுத்தும் அக்கறையில் சொன்னார். இது அவர் கண்டுபிடித்த வித்தையும் இல்லை, ஊரெங்கும் நடப்பது. ஏசியில் கேஸ் மட்டும் ஏற்றிவிட்டு பத்திரம் முடிப்பது, கீசர் கசிவை எம்-சீல் வைத்து அடைப்பது எல்லாம் இதே வகை. ஆகவே கேள்வி மூன்றாகப் பிரிகிறது. மோட்டார் வீட்டைச் சேர்ந்ததா? எந்தத் தேதி வரை யாருடைய பொறுப்பு? தெரிந்த பழுதைச் சொல்லியே ஆகவேண்டுமா?

கேள்வி ஒன்று: மோட்டார் வீடா, சாமானா?

பழைய கிரயப் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு "நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம்..." என்று போகும் ஒரு வரிசை நினைவிருக்கும். நிலத்தோடு சேர்ந்து கைமாறும் எட்டு வகை உரிமைகள். புதையல், வைப்பு, நீர், கல் என்று தொடங்கி, இன்றுள்ள பயன், வருங்காலப் பயன் வரை போகும். அதில் நீர் உண்டு. நீரை மேலே கொண்டுவரும் சாதனம் இல்லை. அந்தக் காலத்தில் கமலையும் மாடும் விவசாயி வேறு நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போகும் பொருள்கள்தானே.

இன்றைக்கு இதைத் தீர்மானிப்பது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 3-ஆம் பிரிவு "நிலத்தோடு இணைந்தது" என்பதற்கு மூன்று வகை சொல்கிறது. மரம்போல் வேரூன்றியது ஒன்று. சுவர், கட்டடம்போல் பதிக்கப்பட்டது இரண்டு. அப்படிப் பதிக்கப்பட்ட ஒன்றோடு, அதன் நிரந்தரப் பயன்பாட்டுக்காகவே பொருத்தப்பட்டது மூன்று. 8-ஆம் பிரிவு இன்னும் கொஞ்சம் இறங்கி வந்து, வீட்டை விற்றால் பூட்டு, சாவி, கம்பி, கதவு, ஜன்னல் மற்றும் வீட்டோடு நிரந்தரமாகப் பயன்படுத்த வைக்கப்பட்ட பொருள்கள் எல்லாம் கூடவே போகும் என்கிறது. வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரைதான் இது.

ஆக ஆணி அடித்திருக்கிறதா, போல்ட் போட்டிருக்கிறதா என்பது பாதிக் கேள்வி. எதற்காகப் பொருத்தப்பட்டது என்பது மீதிப் பாதி. இந்த இரட்டைச் சோதனையின் பிரபலமான வடிவம் 1872-ல் இங்கிலாந்தில் வந்த ஹாலண்ட் எதிர் ஹாட்ஜ்சன் என்ற வழக்கு. ஆலையின் தரையில் ஆணியடித்துப் பொருத்திய தறிகள் கட்டடத்தோடு சேர்ந்தவையா என்பது சர்ச்சை. சேர்ந்தவைதான் என்று தீர்ப்பானது. நீதிபதி பிளாக்பர்ன் அதில் ஓர் அழகான உதாரணம் சொன்னார். சாந்து பூசாமல் கல்லின் மேல் கல் வைத்துக் கட்டிய வேலிச்சுவர் நிலத்தின் பகுதி. அதே கற்களை ஒரு கட்டட வியாபாரி தன் முற்றத்தில் வசதிக்காகச் சுவர்போல அடுக்கி வைத்திருந்தால் அவை வெறும் சரக்கு. இரண்டிலும் ஒட்டுதல் ஒன்றுதான், நோக்கம்தான் வேறு.

இதை நம் ஊர் மோட்டாருக்குப் பொருத்தினால் என்ன ஆகும்? நம்ம ஊரிலேயே அதற்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது. நிலத்தில் பொருத்திய ஆயில் எஞ்சினும் பம்ப்செட்டும் அசையாச் சொத்தா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1969-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் அது இருக்கிறது. நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: எஞ்சினை ஓட்ட வேண்டுமென்றால் தரையில் பொருத்தித்தான் ஆகவேண்டும், அந்தப் பொருத்தம் எஞ்சினின் உபயோகத்துக்காகத்தான், உபயோகம் முடிந்தால் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம். ஆகவே அது அசையும் பொருள்.

அதை வைத்து "போர் மோட்டார் நம்மளது, கழற்றிட்டுப் போகலாம்" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். குடியிருக்கும் வீட்டின் ஒரே தண்ணீர் வழியாக போருக்குள் இறக்கப்பட்ட மோட்டாரை, 8-ஆம் பிரிவின் "வீட்டோடு நிரந்தரப் பயன்பாட்டுக்கு வைக்கப்பட்டது" என்ற சொற்களுக்குள் கொண்டுவர நல்ல வாதம் உண்டு. இரண்டு பக்கமும் பேச முடியும் என்பதுதான் இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது.

வீட்டு உபயோகப் பொருள்களைக் கிட்டத்தட்ட ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்த வழக்கு ஒன்று 1996-ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வந்தது. கடனுக்காக வங்கி கைப்பற்றிய ஒரு லண்டன் ஃபிளாட்டில் எதெல்லாம் வீட்டைச் சேர்ந்தது என்பது பிரச்சினை. சமையலறை அலமாரிகள், சிங்க், குளியலறைக் குழாய்கள் எல்லாம் வீடு என்றது நீதிமன்றம். கம்பளம், திரைச்சீலை, ஃபிரிட்ஜ், பாத்திரம் கழுவும் இயந்திரம் எல்லாம் சாமான். நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது, ஆனால் யோசிக்கும் முறைக்கு நல்ல உதாரணம். அதே கோணத்தில் பார்த்தால் நம் வீட்டில் ஸ்பிளிட் ஏசி, இன்வெர்ட்டர், ஆர்.ஓ. எல்லாம் சாமான் பக்கம் சாயும். மாடுலர் கிச்சன், பதித்த வார்ட்ரோப், வாஷ்பேசின் எல்லாம் வீட்டின் பக்கம். கீசரும் சிம்னியும் நடுவில் நிற்கும்.

கேள்வி இரண்டு: எந்தத் தேதியில் பொறுப்பு கைமாறுகிறது?

மாமாவின் வாதம் ஆதாரமில்லாதது அல்ல. அவருக்கே தெரியாமல் அவர் பேசியது பழைய இங்கிலாந்துச் சட்டம். 1801-ல் பெய்ன் எதிர் மெல்லர் என்ற வழக்கு. ஒப்பந்தம் ஆகிவிட்டது, பத்திரம் எழுதவில்லை, நடுவில் வீடு தீயில் எரிந்துவிட்டது. ஒப்பந்தம் செல்லுபடியானதென்றால் வாங்குபவர்தான் நஷ்டத்தை ஏற்க வேண்டும் என்றார் எல்டன் பிரபு. ஒப்பந்தம் ஆன கணத்திலேயே நியாயத்தின் கண்ணில் வீடு வாங்குபவருடையது, விற்பவர் அதை அவருக்காகப் பாதுகாத்து வைத்திருப்பவர் என்பது அங்கே கோட்பாடு. இங்கிலாந்தில் இன்றும் பரவலாகப் பயன்படும் மாதிரி விற்பனை விதிகள், 2011-ல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து, ஒப்பந்தத் தேதியிலேயே பொறுப்பை வாங்குபவர் மேல் வைக்கின்றன. அதனால்தான் அங்கே ஒப்பந்தம் கைமாறும் அன்றே காப்பீடு எடுக்கச் சொல்கிறார்கள்.

இந்தியாவில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, விற்பனை ஒப்பந்தம் தன்னளவில் சொத்தின் மேல் எந்த உரிமையையும் உண்டாக்காது என்று நேரடியாகச் சொல்கிறது. அக்ரிமெண்ட் போட்டவர் வீட்டுக்காரர் ஆகவில்லை, வீட்டை வாங்கும் உறுதியைப் பெற்றவர் மட்டுமே. அடுத்து 55-ஆம் பிரிவு, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் என்னென்ன கடமை என்று பட்டியல் போடுகிறது. நமக்கு வேண்டிய வரிகள் இரண்டு. 55(5)(c)-யின்படி, உடைமை வாங்குபவருக்கு மாறிய பிறகு ஏற்படும் அழிவு, சேதம், மதிப்புக் குறைவு வாங்குபவரைச் சேரும், விற்பவர் அதற்குக் காரணமாக இல்லாதவரை. அப்படியென்றால் மாறுவதற்கு முன் ஏற்படுவது விற்பவரைச் சேரும். 55(1)(e)-யின்படி, ஒப்பந்தத் தேதியிலிருந்து ஒப்படைக்கும் தேதி வரை, சாதாரண விவேகமுள்ள ஒரு உரிமையாளர் தன் சொத்தை எப்படிக் கவனிப்பாரோ அப்படி விற்பவர் கவனிக்க வேண்டும்.

சரி, மோட்டார் வீட்டின் பகுதியே இல்லை, சாமான்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது வருவது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். அதன் 26-ஆம் பிரிவு, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், பொருளின் உடைமை கைமாறும் வரை நஷ்டம் விற்பவருடையது என்கிறது.

இங்கேதான் எனக்கு விஷயம் தெளிவானது. மோட்டார் வீடா சாமானா என்று எவ்வளவு சண்டை போட்டாலும், பதிவுக்கு முன் எரிந்தால் யார் நஷ்டம் என்ற கேள்விக்கு இரண்டு சட்டமும் ஒரே பதிலைத்தான் தருகின்றன. விற்பவர். முதல் கேள்வி தீர்மானிப்பது அந்தப் பொருள் வீட்டோடு போகிறதா என்பதை. பழுதுச் செலவை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வாக்குவாதம் வருகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். "ரிப்பேர் செய்து கொடு" என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. நஷ்டத்தை வாங்குபவர் தலையில் கட்ட முடியாது என்பதுதான் அதன் நிலை. எப்படி ஈடு செய்வது என்பது இரு தரப்பும் பேசித் தீர்க்க வேண்டியது.

இன்னொரு நுணுக்கம், பலருக்குப் பயன்படும். புதன்கிழமை பதிவு முடிந்துவிட்டது, விற்றவர் சாமான் மாற்றப் பத்து நாள் அவகாசம் கேட்டு அதே வீட்டில் இருக்கிறார். அந்தப் பத்து நாளில் மோட்டார் தானாக எரிந்தால்? உடைமை மாறிவிட்டது, ஆகவே நஷ்டம் வாங்கியவருடையது. ஆனால் கிணறு வற்றியது தெரிந்தும் மோட்டாரை வறட்டில் ஓட்டி எரித்தார் என்றால், கவனிக்க வேண்டிய கடமையை மீறிவிட்டார், பொறுப்பு விற்றவருடையது. ஒப்படைக்கும் வரை அந்தக் கடமை ஓடிக்கொண்டே இருக்கும்.

கேள்வி மூன்று: சொல்லியே ஆகவேண்டுமா?

மெக்கானிக்கின் கெப்பாசிட்டருக்கு வருவோம். 55(1)(a) சொல்வது: சொத்தில் உள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். அதே பிரிவின் இறுதியில் ஒரு வரி இருக்கிறது. அப்படிச் சொல்லாமல் விடுவது மோசடி.

சுவரில் விரிசல் என்றால் கண்ணுக்குத் தெரியும், பார்த்து வாங்கியது அவர் பொறுப்பு என்று வாதாடலாம். 180 அடி ஆழத்தில் இருக்கும் காயிலின் இன்சுலேஷனை யார் பார்க்க முடியும்? சுவிட்ச் போட்டால் தண்ணீர் வருகிறது, அதற்கு மேல் அவர் எப்படிச் சோதிப்பார்? பெரிய கெப்பாசிட்டர் செய்யும் வேலையே அதுதான். கண்டுபிடிக்கக்கூடிய பழுதைக் கண்டுபிடிக்க முடியாத பழுதாக மாற்றிவிடுகிறது.

மோட்டார் அவ்வளவு "முக்கியமான" குறையா என்று கேட்கலாம். வீட்டு விலையோடு ஒப்பிட்டால் தூசி. ஆனால் எங்கள் தெருவில் போர் தண்ணீரைத் தவிர வேறு வழி இல்லை, இல்லையென்றால் லாரிதான். அம்மாவிடம் சட்டப் பிரிவெல்லாம் சொல்லவில்லை, நிலைமையை மட்டும் சொன்னேன். "பால் காய்ச்ச வர்றவங்க குழாயைத் திறந்தா தண்ணி வரணும்ல?" என்றார். முக்கியம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

கணக்கை எப்படித் தீர்ப்பது?

வெள்ளிக்கிழமை காலை ஆசிரியருக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சார், பதிவுச் செலவுக்கே கையில இருந்ததையெல்லாம் துடைச்சு எடுத்துட்டேன்" என்றார். எங்களுக்கு எரிச்சல் தரும் ஒரு செலவு, அவருக்குப் புது வீட்டின் முதல் மாதத்தையே ஆட்டிவிடும் செலவு.

இந்த நிலையில் மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, விலையைக் குறைப்பது. கேட்க எளிது, கடைசி வாரத்தில் செய்வது கடினம். பத்திர வரைவை வங்கி பார்த்து ஒப்புதல் கொடுத்திருக்கும், கடன் தொகைக்குக் காசோலை தயாராகியிருக்கும், முத்திரைக் கட்டணம் கட்டியாகியிருக்கும். விலையைத் தொட்டால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்காக அது வேண்டாம்.

இரண்டு, விலையைத் தொடாமல், விற்பவர் ஒரு தொகையைத் தனியாக வங்கி வழியே கொடுத்து, எதற்காக என்று ஒரு கடிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவது. நாள் இல்லாதபோது இது நல்ல வழி.

மூன்று, பதிவுக்கு முன் பழுது பார்த்துவிடுவது. நாள் இருந்தால் இதுவே சிறந்தது.

மூன்றாவதில் ஒரு சிக்கல் வரும். பழைய மோட்டாருக்குப் புது மோட்டார் மாற்ற வேண்டுமா? எங்களுடையது ஏழு வருடம் ஓடியது. வாங்குபவர் பார்த்து ஒப்புக்கொண்டதும் ஏழு வருட மோட்டாரைத்தான். புதுசு கொடுத்தால் அவருக்கு ஒப்பந்தத்தில் இல்லாத லாபம், ஒட்டுப்போட்டுக் கொடுத்தால் நஷ்டம். பார்த்தபோது எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலைக்குத் திரும்பக் கொண்டுவருவதுதான் நியாயமான அளவுகோல். வாங்குபவர் புதுசுதான் வேண்டும் என்றால், பழுதுச் செலவை விற்பவர் கொடுத்து, மீதியை அவர் போட்டுக்கொள்ளலாம்.

ஆசிரியரிடம் கேட்டதில், ரீவைண்டிங் போதும் என்றார். மோட்டாரைத் தூக்கி இறக்க 3,500, ரீவைண்டிங்கும் புஷ் மாற்றியதும் 6,000, இரண்டு கெப்பாசிட்டருக்கும் 600, ஆக 10,100 ரூபாய். திங்கள் சாயங்காலம் இறக்கினார்கள். செவ்வாய் மாலை ஆசிரியரை வரச் சொல்லி, அவர் கையாலேயே சுவிட்ச் போட வைத்து, ஆம்மீட்டர் எவ்வளவு காட்டுகிறது, டேங்க் நிரம்ப எத்தனை நிமிடம் என்று எழுதி, ரீவைண்டிங் பில்லை அவரிடம் கொடுத்தோம். புதன்கிழமை பதிவு நடந்தது. மாமாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

அக்ரிமெண்ட் போடும்போதே செய்யக்கூடியவை

வழக்கமான அக்ரிமெண்டில் மோட்டார் என்ற சொல்லே இருக்காது. மின் இணைப்பு எண்ணும் அதன் வைப்புத் தொகையும் இருக்கும், அவ்வளவுதான். கீழே உள்ளவற்றைச் செய்தால் கடைசி வாரம் நிம்மதியாகப் போகும்.

1. வீட்டோடு வரும் இயந்திரங்களைப் பட்டியல் போடுங்கள். பிராண்ட், வாங்கிய வருடம், இப்போதைய நிலை. ஏசி குளிர்கிறதா, இன்வெர்ட்டர் பேட்டரி எத்தனை வருடம் ஆனது, சோலார் பேனல் எந்த மின் இணைப்பின் பேரில் இருக்கிறது. கூடவே மொபைலில் ஒரு வீடியோ.

2. எது வராது என்பதையும் எழுதுங்கள். ஹாலில் தொங்கும் விளக்கு, சமையலறையில் இருக்கும் ஆர்.ஓ. எல்லாம் இப்படித்தான் பகையில் முடியும்.

3. வாரண்டி அட்டை, பில், சர்வீஸ் எண் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுப் பத்திரத்தோடு கொடுங்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டி கேட்பது பெரும்பாடு.

4. பதிவுக்கு முந்தைய நாள் மாலை இருவரும் சேர்ந்து ஒரு சுற்று பாருங்கள். அமெரிக்காவில் வீடு வாங்கியவர்களுக்கு இது பழக்கமான சடங்கு. நம் ஊரில் பதிவு அலுவலகத்துக்கு நேராகப் போய்விடுகிறோம். எல்லா சுவிட்சையும் போட்டுப் பார்க்க அரை மணி நேரம் போதும்.

5. சாமான்களுக்குத் தனி விலை பேசியிருந்தால் தனியாக எழுதி, வங்கி வழியே கொடுங்கள். தமிழ்நாட்டில் இதை எழுதும்போது முத்திரைக் கட்டணம் 7%, பதிவுக் கட்டணம் 2%. ஒரு லட்ச ரூபாய் ஏசிகளைப் பத்திர விலைக்குள் வைத்தால் அதற்கு 9,000 ரூபாய் கூடுதல். ஆனால் இதையே சாக்காக வைத்து வீட்டு விலையைச் சாமான் கணக்கில் ஒளிக்க முயல வேண்டாம். ஒரு உர ஆலையின் விற்பனையில் இயந்திரங்களைத் தனியாகக் கணக்கிட முயன்றபோது, அவையும் அசையாச் சொத்துதான், முத்திரைக் கட்டணம் உண்டு என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

6. "இருக்கிற நிலையில்" என்ற வாசகத்தை எழுதலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அது இருவரும் அறிந்த நிலையைத்தான் குறிக்கும். தெரிந்தே மறைத்த பழுதுக்கு அந்த வாசகம் குடை பிடிக்கும் என்று நம்ப வேண்டாம்.

7. கடைசியாக, கீழே உள்ளதைப் போன்ற ஒரு பத்தியை உங்கள் பத்திர எழுத்தரிடமோ வக்கீலிடமோ கொடுத்து, உங்கள் நிலைமைக்கு ஏற்ப மாற்றிச் சேர்க்கச் சொல்லுங்கள்:

"இணைப்புப் பட்டியலில் கண்ட மோட்டார், மின்சாதனங்கள் யாவும் இவ்வொப்பந்தத் தேதியில் இயங்கும் நிலையில் உள்ளன என்பதை இரு தரப்பாரும் நேரில் கண்டு ஒப்புக்கொள்கிறார்கள். கிரயப் பத்திரம் பதிவாகும் தேதிக்கு முன் அவற்றில் ஏதேனும் பழுதுபட்டால், விற்பவர் அதை உடனே வாங்குபவருக்குத் தெரிவித்து, ஒப்பந்தத் தேதியில் இருந்த நிலைக்குப் பழுது பார்த்துக் கொடுக்க வேண்டும், அல்லது இருவரும் ஒப்பும் தொகையை ஈடாகக் கொடுக்க வேண்டும்."

மூன்று வரி. டைப் செய்ய ஐந்து நிமிடம் ஆகும். உங்கள் அக்ரிமெண்டில் இது இல்லாமலே கையெழுத்தாகிவிட்டது என்றாலும் பயப்பட வேண்டாம், மேலே சொன்ன பிரிவுகள் தாமாகவே பொருந்தும். ஆனால் சட்டப் பிரிவைச் சொல்லி வாதாடுவதைவிட, இருவரும் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டிப் பேசுவது எப்போதுமே சுலபம்.